தபால்காரர் கிழித்துப்போடும் கடிதங்கள்

ஒரு தபால்காரர் தம் பையிலுள்ள கடிதங்களில் சிலவற்றை வழியிலேயே பிரித்துப் படிக்கிறார். ‘இது இந்த வீட்டாருக்கு வேண்டாதது’ என்று தாமாகவே முடிவு கட்டுகிறார். அவற்றைக் கிழித்து ஏரியில் எறிந்துவிட்டு எஞ்சியதை மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறார். எழுதியவருக்குத் தகவல் இல்லை. பெறவேண்டியவருக்கும் தகவல் இல்லை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இப்படி ஒருவர் பிடிபட்டிருந்தால் தெருவே திரண்டிருக்கும். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், கடிதத்தை அழிக்கும் அல்லது மறைக்கும் அஞ்சல் ஊழியருக்கு ஏழாண்டு வரை சிறை என்று எழுதி வைத்திருந்தது. அந்தச் சட்டத்தை இயற்றியது அந்நிய ஆட்சி. அந்நிய ஆட்சிக்குக்கூடக் கடிதம் என்பது எழுதியவருக்கும் பெறுபவருக்கும் உரிய பொருள் என்பது விளங்கியிருந்தது.

இதே காரியத்தை இன்று மின்னஞ்சலுக்கு இணையச் சேவை நிறுவனங்களின் வடிகட்டிகள் நாள்தோறும் செய்கின்றன. நாம் அதைச் சேவை என்கிறோம், நன்றியும் சொல்கிறோம். இந்த நன்றியைத் திரும்பப் பெறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். குப்பை மடல்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 1978 மே 3ஆம் நாள், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் தம் கணினியை விளம்பரப்படுத்தி ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். வரலாறு அதையே முதல் குப்பை மடல் என்று குறிக்கிறது. 1994இல் அமெரிக்க வழக்கறிஞர் தம்பதியர் ‘கிரீன் கார்டு’ விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் இறைத்தனர். அதன்பின் வெள்ளம் வடியவே இல்லை. ‘ஸ்பாம்’ என்ற சொல்லை நம்மவர்கள் எரிதம் என்றார்கள், குப்பை அஞ்சல் என்றார்கள், வேண்டாமடல் என்றார்கள். பெயர் எதுவானாலும், மருந்து விற்பவனும் பரிசுச்சீட்டு விழுந்ததாகச் சொல்பவனும் ஆப்பிரிக்க இளவரசனும் நம் பெட்டியை நிறைத்தபோது வடிகட்டி தேவைப்பட்டது. இன்றும் தேவைப்படுகிறது. வேலி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. வேலியே பயிரை மேயும்போது எங்கே போய் முறையிடுவது என்றுதான் கேட்கிறோம்.

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை இலக்கிய வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம். ஏனெனில் அது ஒரு வாசகர். நம் கடிதங்களை நமக்கு முன்பே படிக்கும் வாசகர். 2001இல் வெளிவந்து, பின்னர் உலகெங்கும் சேவை நிறுவனங்கள் பயன்படுத்திய ‘ஸ்பாம்அசாசின்’ என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது தேர்வுத்தாள் திருத்துவதுபோல மடலுக்கு மதிப்பெண் போடும். ஒவ்வொரு ஐயத்துக்கும் இத்தனை புள்ளி. மொத்தம் ஐந்தைத் தொட்டால் அது குப்பை. இந்த ஐந்து என்பது மென்பொருளோடு வரும் இயல்பு அளவு. எந்தெந்த எழுத்துமுறை மடல்கள் ஏற்கத்தக்கவை என்று நிர்வாகி அறிவிப்பதற்கும் அதில் ஒரு வசதி உண்டு. அந்தப் பட்டியலில் உள்ளவை ஆறு: மேற்கத்திய எழுத்துகள், ஜப்பானியம், கொரியம், ருஷ்யம், தாய், சீனம். தமிழும் இல்லை, வேறெந்த இந்திய எழுத்தும் இல்லை. இந்த விடுபடலில் வன்மம் எதுவும் இருந்திருக்காது. நாம் இருப்பதே அவர்கள் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் தமிழ் எந்த வேடத்தில் பயணம் செய்தது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தகுதரம் என்ற டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம். மடலின் தலைப்பகுதியில் ‘இது மேற்கு ஐரோப்பிய எழுத்து’ என்று முத்திரை இருக்கும். உள்ளே தமிழ் இருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினிக்கு அது கொம்பும் குறியும் முளைத்த உரோமன் எழுத்துகளின் குவியல். இயந்திரம் அதைப் பிதற்றல் என்று கருதியதில் வியப்பில்லை. பிறகு ஒருங்குறி வந்தது. நம் துன்பம் தீர்ந்ததா? ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். பழைய அஞ்சல் வழிகள் ஏழு பிட்டுக்கு மேல் தாங்காதவை என்பதால், அந்த மூன்றை நான்கு உரோமன் குறிகளாக மாற்றிச் சுற்றியனுப்பும் ‘பேஸ்64’ என்ற முறையைத் தமிழ் மடல் நாடவேண்டியிருந்தது. குப்பை அனுப்புவோரும் தம் விளம்பரச் சொற்களை மறைக்க இதே உறையைப் பயன்படுத்தினர். எனவே ஸ்பாம்அசாசினில் ஒரு விதி சேர்ந்தது: மடலின் உரை பேஸ்64 கொண்டு மாறுவேடம் இட்டிருக்கிறது, ஆகவே புள்ளி போடு. மாறுவேடம்! இரண்டாயிரமாண்டு எழுத்து மரபுள்ள மொழி தன் சொந்த எழுத்தில் நடந்துபோனதற்குப் பெயர் மாறுவேடம்.

2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரை, விதிகளைக் கையால் எழுதுவதைவிட நிகழ்தகவைக் கொண்டு இயந்திரத்துக்குக் கற்பிப்பதே மேல் என்று வாதிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் பெயரிலுள்ள கணக்கு அது. குப்பையில் எந்தச் சொல் எத்தனை முறை வந்தது, நல்ல மடலில் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, புதிய மடலை எடைபோடுவது. அந்தக் கட்டுரையின் ஒரு நேர்மையை இங்கே சொல்லியாகவேண்டும். குப்பை ஒன்று உள்ளே நுழைவதைவிட நல்ல மடல் ஒன்று தொலைவது பன்மடங்கு கேடு என்று கிரஹாம் கருதினார். அதற்காகவே நல்ல மடல்களில் வரும் சொற்களின் எண்ணிக்கையை இரட்டித்துக் கணக்கிட்டார். முறையை எடுத்துக்கொண்டவர்கள் பலர். அந்த அச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

சொல்லை எண்ணும் இந்தக் கணக்கு, சொல் திரியாத மொழிகளுக்குப் பொருந்தும். தமிழில் ‘கடிதம்’ என்ற ஒரு சொல் கடிதத்தை, கடிதத்தால், கடிதத்திற்கு, கடிதத்திலிருந்து, கடிதங்களோடு, கடிதந்தானே என்று நூறு உருவங்கொள்ளும். நாம் ஒன்று என்று எண்ணுவதை இயந்திரம் நூறு என்று எண்ணுகிறது. ஒவ்வொன்றையும் ஓரிரு முறையே பார்த்திருப்பதால் எதைப்பற்றியும் அதற்கு உறுதியான கருத்தில்லை. வல்லினம் மிகுந்தால் ஒரு சொல், மிகாவிட்டால் வேறு சொல். வட்டார வழக்கில் எழுதினால் முற்றிலும் அந்நியம். இயந்திரத்துக்கு நாம் யாரென்று தெரியாதபோது அது எதை வைத்து முடிவெடுக்கும்? மடலின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு, அனுப்பியவரின் முகவரியையும் பழக்கத்தையும் வைத்துத்தான்.

சத்திமுத்தப் புலவரை இங்கே ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். வறுமையால் ஊரைவிட்டு மதுரைக்கு வந்து, குளிரில் ஒடுங்கிக் கிடந்து, நாரையைத் தூதுவிட்டு மனைவிக்குத் தம் நிலையைச் சொல்லியனுப்பியவர். அந்தத் தூதை இன்றைய வடிகட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். பின்புலம் தெரியாத அனுப்புநர். வெளியூரில் சிக்கிக்கொண்ட கதை. உடுக்கத் துணியில்லை என்ற முறையீடு. அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இடையாள் வழியே வரும் செய்தி. நான்கும் மோசடி மடலின் இலக்கணம். நாரை சத்திமுத்தம் போய்ச் சேர்ந்திருக்காது. அரசனின் செவிக்கு எட்டியதாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டு, அவன் பெட்டிக்கு எட்டியிருக்காது.

இது வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாதபடி நம் ஊர்களில் நடப்பவை இருக்கின்றன. முந்நூறு சந்தாதாரர்களுக்குத் தம் சிற்றிதழின் அறிவிப்பை அனுப்பும் ஆசிரியரை நாம் அறிவோம். ஒரே உரை, முந்நூறு முகவரி, சிறிய சேவையகம்: வடிகட்டியின் கண்ணுக்கு அவர் குப்பை வணிகர். முதுகலை முடித்த மாணவி ஒருவர், ஆய்வரங்கில் தம் கட்டுரை ஏற்கப்பட்ட செய்தியை நாள் கடந்தபின் தொலைபேசியில் கேட்டறிந்தார். மடல் குப்பைக்கூடையில் இருந்தது. குப்பைக்கூடை என்றொன்று இருப்பதே அவருக்கு யாரும் சொல்லித்தரப்படாத செய்தி. அவர் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். இப்படிப்பட்ட மாணவர்களே விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளை நிறைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் தவறுவது ஓராண்டு தவறுவது. அதே பெட்டியில், அதே வாரத்தில், தனிநபர் கடன் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களின் மடல்கள் பழுதில்லாமல் வந்து குவிந்திருக்கின்றன. அவற்றின் சேவையகங்களுக்கு நற்பெயர் உண்டு. அந்த நற்பெயரைப் பேணுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். ஆக, ‘இது பெறுபவருக்கு வேண்டுமா’ என்ற கேள்வியை வடிகட்டி கேட்பதில்லை. ‘அனுப்புபவர் பெரிய இடமா’ என்றே கேட்கிறது.

முகவரியை வைத்து ஆளை அளப்பது நமக்குப் புதிதா? எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் இடம் கொடுக்கும் வழக்கத்தை இம்மாவட்டம் நன்கறியும். இணையத்திலும் அதுவே நடந்தது. 2005இல் அகலப்பட்டை இணைப்பு பரவத் தொடங்கியபின், நம் வீடுகளுக்குக் கிடைத்தது மாறிக்கொண்டே இருக்கும் எண் முகவரி. இன்று ஓர் உலாவல் மையத்தின் நச்சுநிரல் பிடித்த கணினிக்கு இருந்த எண், நாளை ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு வரும். நேற்றைய குற்றத்துக்கு இன்றைய குடியிருப்பாளர் கறுப்புப் பட்டியலில். 1998இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹாஸ் அமைப்பு, இவ்வகை வீட்டு இணைப்பு எண்களிலிருந்து நேரடியாக வரும் அஞ்சலை மறுப்பதற்கென்றே 2007இல் தனிப்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. 2012இல் குப்பை மடல் பரப்பும் நாடுகளின் வரிசையில் இந்தியாவை முதலிடத்தில் வைத்தது சோஃபோஸ் நிறுவனம். ஆனால் நச்சுநிரல் பிடித்த கணினியைத் திருத்துவதைவிட அந்தத் தெருவையே ஒதுக்கிவைப்பது எளிது என்று கண்டுகொண்டவர்கள், எளிய வழியையே நிலையாக்கிக்கொண்டார்கள்.

வாயிலில் நிற்பவரின் கை எவ்வளவு மொந்தையானது என்பதை இந்நாடு இருமுறை பார்த்தது. 2003 செப்டம்பரில், மேகாலயத்தைச் சார்ந்த ‘கின்ஹுன்’ என்ற ஒற்றை யாஹூ குழுமத்தைத் தடுக்குமாறு மைய அரசு ஆணையிட்டது. ஒன்றை மட்டும் தடுக்கும் வகை அறியாத சேவை நிறுவனங்கள் யாஹூ குழுமங்கள் அனைத்தையும் அடைத்தன. கவிதை பேசிய தமிழ்க் குழுமங்களும் அந்தக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, சில பக்கங்களை முடக்கச் சொன்ன ஆணைக்கு பிளாக்ஸ்பாட், ஜியோசிட்டீஸ் போன்ற தளங்கள் முழுமையாக முடங்கின. எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய கதை. அவற்றிலாவது ஓர் ஆணை இருந்தது, அதை எதிர்த்து எழுதுவதற்கு ஒரு முகவரி இருந்தது. கூச்சல் எழுந்தது, கதவும் திறந்தது. வடிகட்டியில் தொலையும் கடிதத்துக்குக் கூச்சலே எழாது, தொலைந்தது யாருக்கும் தெரியாது என்பதால்.

விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் எவருக்கும் அஞ்சலின் அறம் விளங்கவேண்டும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரியும் இடம் அது. ஓடும் ரயிலில் கண்விழித்துக் கடிதம் பிரித்த ஆர்.எம்.எஸ். ஊழியர்களின் காலம் ஒன்று இருந்தது. அவர்கள் பார்த்தது உறையின் மேலுள்ள ஊர்ப்பெயரை மட்டுமே. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்கள் வேலைக்கு அப்பாற்பட்டது. உரியவர் கிடைக்காத கடிதங்களுக்கென்று ஆர்.எல்.ஓ. என்ற அலுவலகமே தனியாக இருந்தது. சேராத கடிதம் எழுதியவரிடமே திரும்பியது. இதே விழுப்புரத்திலிருந்து 1879இல் போடப்பட்ட இருப்புப் பாதையின் மறுமுனையான புதுச்சேரியில்தான் பாரதி இருந்தார். 1908இல் அங்கே இடம்பெயர்ந்த ‘இந்தியா’ இதழ், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரக்கூடாதென்ற தடையால் 1910இல் நின்றுபோனது. அங்கிருந்த சுதேசிகளின் கடிதங்கள் கண்காணிக்கப்பட்டன. அது அடக்குமுறை, ஐயமில்லை. ஆனால் அடக்குமுறைக்கு ஒரு பெயர் இருந்தது, ஓர் ஆணை இருந்தது, எதிர்ப்பதற்கு ஓர் எதிரி இருந்தான். இன்று தடுப்பது யார் என்றுகூட நமக்குத் தெரிவதில்லை.

மின்னஞ்சலுக்கு அறம் வகுக்கப்படாமல் இல்லை. ஒரு சேவையகம் மடலைப் பெற்றுக்கொண்டதும் 250 என்ற எண்ணால் விடைசொல்லும். ‘பெற்றேன், இனி இது என் பொறுப்பு’ என்று அதற்குப் பொருள். வேண்டாம் என்றால் 550 என்று சொல்லி வாசலிலேயே மறுக்கலாம். அப்போது எழுதியவருக்குச் செய்தி திரும்பும், அவர் தொலைபேசியிலோ கார்டிலோ முயல்வார். 2001இலும் 2008இலும் திருத்தி எழுதப்பட்ட அஞ்சல் நெறிமுறை இந்தப் பொறுப்பை வலியுறுத்துகிறது. மோசடி என்பதில் மிக உறுதி இருந்தால் ஒழிய, சத்தமில்லாமல் மடலைக் கொட்டுவது முறையன்று என்கிறது. நடப்பில் என்ன காண்கிறோம்? 250 என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறமாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். மறுத்துச் சொன்னால் குப்பை வணிகன் தெரிந்துகொண்டு தப்பிப்பான் என்கிறார்கள். அவன் எப்படியும் ஆயிரம் முகவரி மாற்றித் தப்பிக்கத்தான் செய்கிறான். தெரியாமல் காத்திருப்பவர் யாரென்றால், ஒரேயொரு கடிதம் எழுதிய மனிதர்.

எதிர்வாதங்களைக் கேட்டிருக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் சேவையில் குறை சொல்லலாமா என்பது ஒன்று. 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது அஞ்சல்பெட்டி கட்டணத்தோடு வந்தது. இணைப்புத் தந்தவரே பெட்டியும் தந்தார். இன்று பெரும்பாலான பெட்டிகள் கூகுள் போன்ற ஒருசில பெருநிறுவனங்களிடம் போய்விட்டன. அவர்கள் பெறும் விலை நம் கவனமும் நம் தரவும். இலவசம் என்ற சொல்லே பொய். தவறுகள் மிகச் சிறிய விழுக்காடுதான் என்பது மற்றொன்று. அந்தச் சிறு விழுக்காடு எல்லார் தலையிலும் சமமாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது இயந்திரத்துக்குப் பழக்கமில்லாத மொழியின்மேலும், சிறிய சேவையகத்தின்மேலும், புதிதாக எழுதத் தொடங்கியவர்மேலும் குறிபார்த்து விழுகிறது. சராசரி என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் அநீதி இது.

சட்டம் காக்கும் என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2009இல் நடைமுறைக்கு வந்தது. எரிச்சலூட்டும் மடலும் பிறப்பிடம் மறைத்த மடலும் அதில் குற்றம். அந்தப் பிரிவு குப்பை வணிகர்களைப் பிடித்ததைவிடக் கருத்துச் சொன்னவர்களைப் பிடித்ததே ஊரறிந்தது. 2012இல் நம் பக்கத்துப் புதுச்சேரியிலேயே ட்விட்டரில் எழுதிய ஒரு கருத்துக்காக ஒருவர் கைதானார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது, நல்லதே நடந்தது. அது திரும்பவேண்டும் என்று நாம் ஒருபோதும் கேட்கமாட்டோம். ஆனால் அதன்பின் மின்னஞ்சலுக்கென்று இந்நாட்டில் தனி நெறி எதுவும் எழவில்லை. குறுஞ்செய்திக்கும் தொலைபேசி அழைப்புக்கும் நிலைமை வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் உண்டு; 1909 என்ற எண்ணில் முறையிடலாம்; 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி விளம்பரமா, சேவையா, பரிவர்த்தனையா, அரசுச் செய்தியா என்று அனுப்புநர் பெயரின் வாலிலேயே அடையாளம் போடவேண்டும். விதிகள் முழுவெற்றி பெற்றன என்று சொல்ல வரவில்லை. முறையிட ஓர் இடம் உண்டு என்பதே செய்தி. ஒருவரிக் குறுஞ்செய்திக்கு உள்ள அந்த மரியாதை, பத்துப் பக்கக் கடிதத்துக்கு இல்லை.

எனவே நாம் கேட்பவை இவை. ஏற்ற மடலைச் சேர்க்கவேண்டும். ஏற்காத மடலை வாசலிலேயே காரணத்தோடு மறுக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே சத்தமில்லாமல் கொட்டுவது ஒழியவேண்டும். ஐயத்துக்குரிய மடல்களின் பட்டியலை வாரம் ஒருமுறையேனும் பெறுபவருக்குத் தமிழில் தெரிவிக்கவேண்டும். வடிகட்டியைத் தளர்த்தவும் இறுக்கவும் நிறுத்தவும் பெறுபவருக்கு உரிமை வேண்டும். அவர் பெட்டி, அவர் முடிவு. தவறாகத் தடுக்கப்பட்டவர் முறையிட, கெடு வைத்து விடைசொல்லும் ஒரு மனிதர் வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் கேட்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். போன்ற அனுப்புநர் சான்றுகளை நாம் எதிர்க்கவில்லை. அனுப்பியவர் அவர்தானா என்று பார்ப்பது உறையின் மேற்புறத்தைப் பார்க்கும் வேலை. ஆனால் அந்தச் சான்றை அமைப்பதற்கான வழிகாட்டுதல் சிற்றிதழ்க்காரருக்கும் ஊராட்சி நூலகத்துக்கும் விளங்கும் தமிழில் இருக்கவேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் கணினித்தமிழ்த் துறைகள் தமிழ்க் குப்பை மடல் எது, நல்ல மடல் எது என்று பகுத்த ஒரு தொகுதியை உருவாக்கிப் பொதுவில் வைக்கட்டும். உருபன் பகுப்பாய்வுக்கு இதைவிடப் பயனுள்ள களம் கிடைப்பது அரிது.

இவற்றைப் பெறும்வரை செய்யக்கூடியதையும் சொல்லிவிடுவோம். இன்றே உங்கள் குப்பைக்கூடையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான சேவைகள் முப்பது நாட்களில் அதைத் துடைத்துவிடும். அங்கே கிடக்கும் நல்ல மடலை எடுத்து ‘இது குப்பை அன்று’ என்று குறியுங்கள். இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்க நம் கையில் இப்போதுள்ள ஒரே பாடவேளை அதுதான். ஆசிரியர்களாக இருப்பவர்கள் உங்கள் மாணவர்களையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் சேவை நிறுவனத்துக்குத் தமிழிலேயே ஒரு முறையீடு எழுதுங்கள். அதை மின்மடலில் அனுப்பவேண்டாம். விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.